ஐம்பத்தொன்பது வெள்ளி டிக்கெட்டும் ஏற முடியாத ராணியும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை நானும் என் மனைவி ராணியும் மகன் தினேஷும் ஜொகூர் பாருவிலிருந்து ஈப்போவுக்கு விமானத்தில் போவதாக இருந்தது. "போனோம்" என்று எழுதாமல் "போவதாக இருந்தது" என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. மலிவு டிக்கெட் வாங்கி, ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்துப் பக்கம் போகத் திட்டம் போடுகிறவர்கள் முழுதாகப் படியுங்கள். நேரம் இல்லாதவர்கள் நான் டிக்கெட் வாங்கிய இடம் வரைக்குமாவது வந்துவிடுங்கள். என்னுடைய முட்டாள்தனம் அங்கேதான் இருக்கிறது.

பயணத்துக்குக் காரணம் தினேஷின் பரிசம். பெண்ணின் பெயர் யாழினி. ஜொகூரில் ஒரு மருந்தகத்தில் வேலை செய்கிறாள், சொந்த ஊர் ஆயர் தாவார். அவள் அப்பா ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர், இலங்கைத் தமிழர் வழிவந்த குடும்பம். வீட்டில் சுவர் நிறையப் புத்தகமாம். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பாசீர் கூடாங்கில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எங்கள் வீட்டுச் சுவரில் நாள்காட்டி இரண்டு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் பரிசம் போட வேண்டும் என்று நேரம் குறித்திருந்தார்கள். பெண்ணுக்குப் பூ வைத்து, குங்குமம் இட்டு, பரிசப் புடவையைக் கையில் கொடுக்க வேண்டியது மாப்பிள்ளையின் அம்மா. அம்மா இல்லாமல் அப்பா மட்டும் போய் நின்றால் அதற்குப் பெயர் பரிசம் இல்லை, ஓசிச் சாப்பாடு. ஆக, யார் வந்தாலும் வராவிட்டாலும் ராணி பன்னிரண்டு மணிக்குள் ஆயர் தாவாரில் இருந்தாக வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஜொகூரிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 540 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏழரை, எட்டு மணி நேரம், ஒரு ஆளுக்கு 65 வெள்ளி (ரிங்கிட்). மூன்று பேர் போய்வர 390 வெள்ளி. விமானம் ஒன்றே கால் மணி நேரம். ஆகக் குறைந்த டிக்கெட் ஒரு வழிக்கு 59 வெள்ளி என்று செயலியில் பளிச்சென்று வந்தது. அதோடு சேவைக் கட்டணம் 4 வெள்ளி. மூன்று பேருக்குப் போக வர மொத்தம் 378 வெள்ளி. பஸ்ஸைவிடப் பன்னிரண்டு வெள்ளி குறைவு! ஆகாயத்தில் பறப்பதற்கு அவர்களே எனக்குப் பன்னிரண்டு வெள்ளி கொடுப்பது மாதிரி இருந்தது.

கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் நாசி கண்டார் சோறும் மறு கையில் கைப்பேசியுமாக உட்கார்ந்து வாங்கினேன். செயலி ஒவ்வொன்றாகக் கேட்டது. பெட்டி வேண்டுமா? வேண்டாம். இருக்கை தேர்ந்தெடுக்க வேண்டுமா, 12 வெள்ளிதான்? வேண்டாம். சாப்பாடு? வேண்டாம். பெயரும் தேதியும் மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மேல்வகை டிக்கெட்? எதற்கு, எங்கள் பெயர் எங்கே போகப் போகிறது? வேண்டாம். மேலே ஒரு கடிகாரம் பத்து நிமிடத்திலிருந்து கீழே ஓடிக்கொண்டிருந்தது. பயணிகளின் பெயர்களைத் தட்டினேன். "ஏ/பி" என்ற, மகள் என்பதற்கான சுருக்கத்தில் இருக்கும் சாய்கோட்டைச் செயலி ஏற்கவில்லை, அதை எடுத்துவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. இதை இன்றைக்கும் சத்தியம் செய்து சொல்வேன்.

இந்த டிக்கெட்டுக்கு ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும்தான். ஒன்பது வரிசைத் தட்டு கொண்டுபோக வேண்டும். பித்தளைத் தட்டு ஒன்றே ஒன்றேகால் கிலோ என்பதால் எல்லாவற்றையும் பொன்னிறப் பிளாஸ்டிக் தட்டாக மாற்றினோம். பழம், தேங்காய், பலகாரம் எல்லாம் ஈப்போவில் வாங்கிக்கொள்வதென்று முடிவு. தினேஷ் ஒரு தொங்குதராசு கொண்டுவந்தான். 6.8, 6.9, என்னுடையது 7.4. பட்டு வேட்டியை எடுத்து இடுப்பில் சுற்றி அதற்கு மேல் கால்சட்டையைப் போட்டுப் பார்த்தேன். 6.9.

"இடுப்புல என்னங்க, நீச்சல் வளையமா?" என்றாள் ராணி.

"கடல் மேலயா பறக்கப் போறோம்? சும்மா இரு" என்றேன்.

சனிக்கிழமை காலை 8.40க்கு மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வாடகைக் கார், 38 வெள்ளி. 9.35க்குச் செனாய் விமான நிலையம். விமானம் 11.40க்கு. கவுன்டரில் போய்ப் பதிந்தால் அதற்கும் காசு என்பதால் முதல்நாளே கைப்பேசியிலேயே பதிந்திருந்தேன். இருக்கையை நாங்கள் வாங்காததால் கணினி அதன் இஷ்டத்துக்குக் கொடுத்திருந்தது: தினேஷுக்கு 9ஆம் வரிசை, ராணிக்கு 18, எனக்கு 27.

"கல்யாணம் பேசப் போற குடும்பமா இது, இல்ல கோர்ட்டுல பிரிச்சுவிட்ட குடும்பமா?" என்றாள் ராணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நான் அடுத்துப் பார்த்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான்.

உள்ளே போகிற வாசலில் காவலர் ஒருவர் ஐசி அடையாள அட்டையையும் கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். தினேஷ் போய்விட்டான். அடுத்து ராணி. அவர் ஐசியைப் பார்த்தார், கைப்பேசியைப் பார்த்தார், மறுபடி ஐசியைப் பார்த்தார். "ராணி யார்?" என்று மலாயில் கேட்டார்.

"நான்தான்" என்றாள் ராணி.

அவர் ஐசியைத் திருப்பிக் காட்டினார். குப்பம்மா ஏ/பி சின்னசாமி.

கொஞ்சம் விளக்க வேண்டும். என் மனைவியின் பிறப்புப் பத்திரத்திலும் ஐசியிலும் இருக்கிற பெயர் குப்பம்மா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "குப்பை, குப்பை" என்று கூப்பிட்டு அழவைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதில் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பக்கத்து மேசைக்காரி பெயர் கேட்டபோது "ராணி" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து ராணி. நான் காதலித்தது ராணியை. திருமணப் பதிவு அன்று அந்த இன்னொரு பெயரை ஒரு தடவை பார்த்தேன். "அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டீங்க, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்" என்றாள். இருபத்தெட்டு வருடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியதில் மறந்தே போய்விட்டேன்.

வாசலைத் தாண்டியிருந்த தினேஷும் திரும்பி வந்தான், மூன்று பேரும் கவுன்டருக்குப் போனோம். அங்கே இருந்தது ஒரு தமிழ்ப் பெண். பொறுமையாகக் கேட்டாள்.

"அங்கிள், ஓரெழுத்து ரெண்டெழுத்து தப்புன்னா நானே திருத்திக் குடுத்துருவேன். இது வேற ஆளு பேரால்ல இருக்கு."

"வேற ஆளு இல்லம்மா. இவங்கதான் அவங்க."

"எனக்குப் புரியுது அங்கிள். சிஸ்டத்துக்குப் புரியாது லா."

"பேர மாத்த எவ்வளவுன்னு சொல்லு, கட்டிடுறேன்."

"நீங்க வாங்குனது ஆகக் கீழ் டிக்கெட்டு அங்கிள். அதுல பேரு மாத்த முடியாது, தேதி மாத்த முடியாது, காசும் திரும்பாது. புது டிக்கெட்டுதான் எடுக்கணும்." தட்டிப் பார்த்தாள். "இன்னிக்கு ஃபுல். நாளைக்கு இதே பதினொன்னு நாப்பதுக்கு ரெண்டு சீட் இருக்கு."

நாளைக்கு 11.40க்குச் செனாயில் ஏறினால் பன்னிரண்டு மணிக்கு ஆயர் தாவாரில் குங்குமம் இட முடியாது. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. இடுப்பில் பட்டு வேட்டி வேறு.

ராணி கவுன்டர் பக்கம் குனிந்தாள். "ஏம்மா, இருவத்தெட்டு வருஷம் ஒரே வீட்டுல இருந்த மனுஷன் பொண்டாட்டி பேரத் தப்பா எழுதுனா, அதுக்கு ஏதாச்சும் ரூல் இருக்கா?"

"அதுக்கு இந்தக் கவுன்டர் இல்லக்கா" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அங்கிள், அவளுக்கு அக்கா. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன்.

மணி 10.25. முடிவு எடுத்தது ராணிதான். "தினேஷு, நீ ஏறு. அங்க யாழினி வீட்டு மாமா வான் அனுப்பி வச்சிருக்காரு, ஆள் இல்லாம நிக்கக் கூடாது. நானும் உங்கப்பாவும் பஸ்ஸுல வாரோம்."

"நான் எதுக்கு? என் டிக்கெட்டு சரியாத்தானே இருக்கு?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. அவள் தன் பையை எடுத்து என் தோளில் மாட்டினாள். தினேஷ்தான் "அப்பா, பஸ்ஸுக்குப் போங்கப்பா" என்று என் முதுகில் கை வைத்துத் தள்ளினான்.

"அங்க கேட்டா என்னம்மா சொல்றது?" என்றான்.

"வயித்து வலின்னு சொல்லு. கார் பஞ்சர்னு சொல்லு. என் பேர மட்டும் அந்த வீட்டுல சொல்லிடாத" என்றாள் ராணி. புத்தகம் நிறைந்த வீட்டுக்குச் சம்பந்தியாகப் போகிறவள் குப்பம்மாவாகப் போய் நிற்க விரும்பவில்லை. பன்னிரண்டு வெள்ளிக்கு நான் என்ன செய்துவைத்தேன் என்பது எனக்கு அங்கேதான் முழுதாக உறைத்தது.

செனாயிலிருந்து லார்க்கின் பஸ் நிலையம் 34 வெள்ளி, முப்பத்தைந்து நிமிடம். 12.30 பஸ்ஸில் முன்வரிசையில் இரண்டு இடம் கிடைத்தது, 130 வெள்ளி. டிக்கெட் கொடுத்தவர் ஐசியைப் பார்த்தே பெயரைத் தட்டினார். சீட்டில் "குப்பம்மா" என்று வந்தது. ராணி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். தினேஷால் அவனுடைய ஏழு கிலோவுக்கு மேல் தூக்கிக்கொண்டு போக முடியாததால் மற்ற இரண்டு பையும் எங்களோடுதான் வந்தன. பஸ்ஸில் யாரும் தராசு வைத்திருக்கவில்லை.

ஓட்டுநர் எங்கள் வயதுக்காரர், தமிழர். நான் அசடு வழிந்துகொண்டே நடந்ததைச் சொன்னதும் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அண்ணே, நான் இருவது வருஷமா ஓட்டுறேன். கையில ஏரோப்ளேன் டிக்கெட்ட வச்சிக்கிட்டு என் பஸ்ஸுல ஏறுன மொத ஆளு நீங்கதான்." அப்புறம் கண்ணாடியில் ராணியைப் பார்த்து, "அக்கா, நீங்க கவலப்படாதீங்க. எட்டரைக்குள்ள ஈப்போவுல எறக்கி விட்டுடுறேன்" என்றார்.

ஆயர் குரோ ஓய்விடத்தில் 3.10க்கு இருபது நிமிடம் நிறுத்தினார்கள். இரண்டு தே தாரேக், ஒரு தட்டு வாழைப்பழப் பஜ்ஜி, 9 வெள்ளி 20 காசு. ஆறாவது பஜ்ஜியில் ராணி பேசினாள்.

"எனக்கு ஏன் அந்தப் பேருன்னு தெரியுமா?"

பாதி தெரியும். முழுதாக அவள் சொன்னது அன்றுதான். கோலா கங்சார் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகள் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. நாலாவதாக இவள். பிறந்ததும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் ஒரு துணியை விரித்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த வீட்டு அம்மா எடுத்துக்கொண்டு வந்து, "குப்பையில கெடந்த புள்ள, வேணும்னா வாங்கிக்குங்க" என்று இவள் அம்மாவிடமே ஐந்து காசுக்கு விற்றார்களாம். வேண்டாத பொருள் என்று நினைத்து எமன் தொடாமல் போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. அதனால்தான் குப்பம்மா.

"தொடலையே" என்றேன்.

"எங்க தொட்டான்? நாந்தான் உக்காந்து பஜ்ஜி திங்கிறேனே." தேநீரைக் குடித்துவிட்டு, "பாத்தீங்களா, எனக்கு வெல அஞ்சு காசு. உங்க டிக்கெட்டவிட மலிவு" என்றாள். அப்போதுதான் சிரித்தாள். ஆறு மணி நேரம் என்று சொன்னேன் இல்லையா, அது இதுதான்.

இரவு 8.20க்கு ஈப்போ அமன்ஜெயா நிலையத்தில் இறங்கினோம். தினேஷ் காத்திருந்தான். பழைய நகரத்துப் பக்கம் மூன்று பேர் படுக்கும் அறை ஒன்று 95 வெள்ளிக்கு முன்பே எடுத்திருந்தோம், சுத்தமாக இருந்தது. பகலெல்லாம் சும்மா இருந்த பையன் தம்பூன் வரைக்கும் போய் ஐந்து பம்ப்ளிமாஸ் வாங்கி வந்திருந்தான், ஒன்று 12 வெள்ளி. சிவப்பு வலையில் தொங்கவிட்டு விற்கிற அந்தப் பழம் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் தலை அளவு. தோசை சாப்பிடும்போது அவன் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மா, வான்ல மாமாவே வந்திருந்தாரு. வயித்து வலின்னுதான் சொன்னேன். யாருக்குன்னு கேட்டாரு. ரெண்டு பேருக்கும்னு சொன்னேன். ரெண்டு பேருக்கும் வயித்து வலின்னா ஏன் பஸ்ஸுல வராங்கன்னு கேட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ராணி சட்னியை அவன் பக்கம் தள்ளினாள். அன்று இரவு அவள் புரண்டு புரண்டு படுத்தது எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை 7.45க்குச் சம்பந்தி அனுப்பிய வான் வந்தது. ஈப்போவிலிருந்து ஆயர் தாவார் ஏறத்தாழ 70 கிலோமீட்டர், ஸ்ரீ இஸ்கண்டார், போத்தா வழியாக நல்ல சாலை. இரண்டு பக்கமும் செம்பனை. 9.05க்குப் போய்ச் சேர்ந்தோம். சம்பந்தி வாசலுக்கே வந்தார். "வாங்கோ, வாங்கோ. பஸ் பயணம் களைப்போ?" என்றார். ராணி என் பின்னால் ஒதுங்கி நின்றாள். என் பின்னால் ஒதுங்குகிற ஆள் இல்லை அவள். வழக்கமாக நான்தான் அவள் பின்னால் நிற்பேன்.

தட்டுகளை அடுக்கினோம். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தாளோடு எழுந்தார். இரண்டு வீட்டுப் பெற்றோரின் பெயரையும் சபையில் வாசித்துவிட்டுத்தான் பரிசம் மாற்ற வேண்டும். மணி 10.40. வாசிப்பதற்கு முன்னால் அவர் ராணியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து மெதுவாகக் கேட்டார். ஆசிரியர்களின் மெதுவான குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"சம்பந்தி அம்மா, நான் ராணி எண்டுதான் அச்சடிச்சு வச்சிருக்கிறன். தம்பி வேற பேர் ஒண்டு சொன்னவர். எதை வாசிக்கட்டும்? நீங்கள் சொல்றதுதான்."

கூடத்தில் இருந்த நாற்பது பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் பம்ப்ளிமாஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராணி என்னைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ராணி ஏர்போட்லயே நின்னுட்டா சார். ஏற விடல. பஸ் புடிச்சு வந்து சேந்தது குப்பம்மாதான். அந்தப் பேரையே வாசிங்க."

சம்பந்தி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அச்சடித்ததை அடித்துவிட்டுக் கையால் எழுதினார். "முப்பத்திரண்டு வருஷம் எஸ்டேட் பள்ளிக்கூடங்களில வரவு எடுத்தவன் நான்" என்றார். "குப்பம்மா, குப்புசாமி, பிச்சைமுத்து... எத்தனை பேர்! அந்தப் பேர்க்காரப் பிள்ளையள் ஒருநாளும் மட்டம் போடாதுகள்." பிறகு கூடத்தின் நடுவில் நின்று, பழைய வகுப்பறைக் குரலில் வாசித்தார். "மணமகனின் பெற்றோர். திருவாளர் சுப்பிரமணியம். திருமதி குப்பம்மா..."

"உள்ளேன் ஐயா!"

என் மனைவி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய பழக்கம், வாத்தியார் குரல் கேட்டதும் தானாக வந்துவிட்டது. கூடம் முழுக்கச் சிரிப்பு. முதலில் சிரித்தது அவளேதான். யாழினி குனிந்து சிரித்ததில் தலையில் இருந்த பூவெல்லாம் ஆடியது. 10.55க்கு ராணி, அதாவது குப்பம்மா, அவள் நெற்றியில் குங்குமம் இட்டுப் புடவையைக் கையில் கொடுத்தாள். ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் மிச்சம் வைத்து.

அன்று மாலை திரும்பும் டிக்கெட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. ராணி பெயரில் இருந்த திரும்பும் டிக்கெட்டும் செல்லாது. கீழ்வகை டிக்கெட் தீர்ந்துவிட்டது. அடுத்த வகை 214 வெள்ளி: இருபது கிலோ பெட்டி, விருப்பமான இருக்கை, சூடான சாப்பாடு, தேதி மாற்றும் வசதி எல்லாம் சேர்த்து. கைப்பேசியை அவளிடமே கொடுத்தேன். ஐசியை மேசையில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினாள். ஐந்தாம் வரிசை ஜன்னல் ஓரத்தை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை 120 வெள்ளிக்கு ஒரு கார் எடுத்து, கோலா கங்சார் பக்கம் அவள் பிறந்த தோட்டத்துக்குப் போனோம். ஈப்போவிலிருந்து 50 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். லயங்கள் இல்லை, ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. பழைய அலுவலகக் கட்டடத்தில் யாரோ விற்பனைக்குப் பறவைக்கூடு வளர்க்கிறார்கள், பறவைகளை வரவழைக்க ஒலிபெருக்கியில் நாள் முழுக்கக் கீச்சுச் சத்தம். மற்றவர்கள் பிறந்த வீட்டைத் தேடிப் போவார்கள். நாங்கள் குப்பைமேட்டைத் தேடினோம். கிணறு இருந்த இடத்தை வைத்துக் கணக்குப் போட்டு, "இங்கதான்" என்று ஒரு செம்பனை மரத்தடியைக் காட்டினாள். மற்ற மரங்களைவிட அது கொஞ்சம் தடிமனாகத்தான் இருந்தது.

"நல்ல உரம்" என்றேன்.

"பின்ன?" என்று அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

3.20 விமானம் நாற்பது நிமிடம் தாமதம். ஈப்போ விமான நிலையம் சின்னது, எதிரே சுண்ணாம்புக் குன்றுகள், ஒரு வெள்ளைக் காப்பி கிடைக்கும். அங்கே உட்கார்ந்து கைப்பேசியில் எழுதியவைதான் இந்த யோசனைகள்.

ஆகக் கீழ் டிக்கெட் கெட்ட டிக்கெட் இல்லை. தனி ஆள், முதுகில் ஒரு பை, போய்ச் சேரும் இடத்தில் யாரும் நேரம் பார்த்துக் காத்திருக்கவில்லை என்றால் தாராளமாக வாங்குங்கள். கல்யாணம், பரிசம், நேர்முகத் தேர்வு என்று தள்ளிப்போட முடியாத நேரம் இருந்தால், மாற்றக்கூடிய டிக்கெட் வாங்குங்கள், அல்லது ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். நாங்கள் தப்பியது சனிக்கிழமையே கிளம்பியதால்தான். 59 வெள்ளியைப் பஸ்ஸோடு ஒப்பிடாதீர்கள். பெட்டி, இருக்கை, விமான நிலையத்துக்குக் கார் எல்லாவற்றையும் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள். எனக்குக் கூடுதலாக ஆனது, லார்க்கின் கார் 34, பஸ் 130, புது டிக்கெட் 214, மொத்தம் 378 வெள்ளி. ஆமாம், முதலில் கட்டிய அதே தொகை. நானே இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். போகும்போது நான் ஏறாவிட்டாலும் என் திரும்பும் டிக்கெட் செல்லும் என்று கவுன்டர் பெண் சொன்னாள், செல்லவும் செய்தது. எல்லா டிக்கெட்டும் அப்படி இல்லையாம், கேட்டுக்கொள்ளுங்கள். கனமான பொருள்களை ஈப்போவிலேயே வாங்குங்கள். சம்பந்தி வீட்டில் திருப்பிக் கொடுத்த பம்ப்ளிமாஸ் இரண்டும் ராணியின் இருபது கிலோவில்தான் ஊர் வருகின்றன.

எல்லாவற்றுக்கும் மேல், டிக்கெட் எடுக்கும் முன் ஐசியை மேசையில் வையுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயருக்கும் ஐசியில் இருக்கிற பெயருக்கும் நம் ஆட்களில் பாதிப் பேருக்குச் சம்பந்தமே இருக்காது. உங்கள் நினைவை நம்பாதீர்கள். இருபத்தெட்டு வருட அனுபவத்தை நம்பவே நம்பாதீர்கள்.

நாலு மணிக்கு ஏறினோம். எனக்கு அதே 27ஆம் வரிசை, நடு இருக்கை, கழிவறைக்குப் பக்கம். இரண்டு பக்கமும் தூங்குகிறவர்கள். பறக்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் நாசி லெமாக்கின் தேங்காய்ப்பால் வாசனை முன்பக்கத்திலிருந்து வந்தது. எனக்குத் தண்ணீர்கூடக் காசு. எட்டிப் பார்த்தேன். விமானப் பணிப்பெண் கையில் ஒரு தாளோடு தட்டு யாருக்கு என்று வரிசை வரிசையாகப் பெயர் வாசித்துக்கொண்டு வந்தாள். என்ன வாசித்தாள் என்பது அவ்வளவு தூரத்தில் கேட்கவில்லை. ஆனால் ஐந்தாம் வரிசை ஜன்னல் ஓரத்தில், வளையல் போட்ட ஒரு கை, வகுப்பறையில் தூக்குகிற மாதிரி, நேராக மேலே உயர்ந்தது.